ரவுண்டு மட்டும் வேண்டாம்

அன்று உஸ்மான் ரோடு நகைக்கடையின் இரண்டாம் மாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அம்மா, சித்தி, தங்கை, நான். அப்பா வரவில்லை. கல்லுக்கடையில் தனக்கு என்ன வேலை, வலை வாங்கப் போகும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டினப்பாக்கத்திலேயே படுத்துக்கொண்டார். வராத இன்னொருவர் கொட்டிவாக்கத்துச் சம்பந்தியம்மா, அதாவது தங்கைக்கு மாமியாராக வரப்போகிறவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்செல்லாம் அவரை வைத்துத்தான்.

நிச்சயதார்த்தத்தில் நடந்தது இதுதான். சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பதற்காகச் சம்பந்தியம்மா என் அம்மாவின் முகத்தருகே குனிந்தார். கிட்டத்தில் பார்த்தபோது மூக்குத்தி கண்ணில் பட்டிருக்க வேண்டும். “கல்லு கருத்துப்போய்க் கீது சம்பந்தி. கல்யாணத்துக்குள்ள மாத்திடுங்க, போட்டோல தெரியும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் மூக்கில் இருந்தது வைரம். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மாத்திடலாம் சம்பந்தி என்று அம்மா சிரித்தாள். அன்றைக்குச் சாப்பாடு பரிமாறி முடிக்கும் வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான், யாரிடமும் இல்லாமல் சுவரைப் பார்த்து, கல்யாணத்தன்று தன் மூக்கில் வைரம் இருக்கும் என்றாள். அது வைரம் என்று அந்தம்மாவுக்குத் தெரியவும் வேண்டும் என்றாள்.

அம்மா போட்டிருந்தது ராயப்பேட்டையில் வாங்கிய வெள்ளைக்கல் மூக்குத்தி. தங்கத்தில் பதித்த கண்ணாடிக் கல். மீன் கழுவிய தண்ணீரும் உப்புக்காற்றும் பட்டுப் பட்டுக் கல்லுக்கு அடியில் கருப்பு ஏறியிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எழுத்து இருக்கிற காரியம் எதுவானாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, கரண்டு ஆபீஸ், இப்போது வைரம். “நீ படிச்சவன், நீ பாத்துச் சொல்லு நைனா” என்பார்கள். பார்த்துச் சொன்னதைக் கேட்டார்களா என்பது வேறு கதை. அடையாறில் என் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வாரம் வைரத்தைப் பற்றியே படித்தேன். நிறம் எப்படிப் பார்ப்பது, உள்ளே கீறல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, சர்ட்டிபிகேட்டில் எந்த வரியை முதலில் படிப்பது. எல்லாரும் ஒரே குரலில் சொன்ன விஷயம் ஒன்றுதான்: வட்டமாகப் பட்டை தீட்டிய கல்தான் அதிகம் மின்னும். ஆட்டோவில் போகும்போதே அதை அம்மாவிடம் சொன்னேன்.

“ரவுண்டு மட்டும் வேணாம்” என்றாள் அம்மா.

ஏன் என்று கேட்டேன்.

“இப்ப போட்டுக்கினு கீறதும் ரவுண்டுதானே. அதே சைஸ்ல இன்னொரு ரவுண்டு போட்டா எவ கண்டா? பழசக் கழுவிப் போட்டுக்கினு வந்துட்டான்னு நெனைப்பா.”

மின்னுவதில் வித்தியாசம் தெரியும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். கல்யாண மண்டபத்து லைட்டுல எல்லாக் கல்லும் மின்னும் என்று சித்தி முடித்து வைத்தாள். சித்தியும் மீன் கடைக்காரிதான். லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் அம்மாவுக்கு அடுத்த பலகை அவளுடையது. பேரம் பேசிப் பழகியவளிடம் நான் ஒரு வாரம் படித்ததை வைத்து ஜெயிக்க முடியாது.

கடையில் எங்களுக்கு வைரம் காட்டிய பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பில், எந்தக் கட்டிங் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். “கட்டிங்கா? அத எங்க வூட்டுக்காரருதாம்மா கேப்பாரு, தெனம் சாயந்தரம்.” மதுக்கடையில் பாதிக் குவார்ட்டருக்கும் அதே பேர்தான் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. குனிந்து சிரித்துவிட்டு, ஷேப் ஆன்ட்டி, ஷேப்பு என்றாள்.

கருப்பு வெல்வெட் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முதலில் சதுரம். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டினது போல இருக்கிறது என்று அம்மாவே தள்ளிவிட்டாள். அடுத்தது ஹார்ட்டின். அதைப் பார்த்ததும் பேரப்பிள்ளை எடுக்கப்போகிற வயதில் இதெல்லாம் எதற்கு என்று வெட்கப்பட்டாள். மூன்றாவது நீளச் சதுரம், முனைகள் வெட்டியது. அதற்கு எமரால்டு கட் என்று பேர் சொன்னாள் அந்தப் பெண். எமரால்டு என்றால் பச்சைக்கல் என்று சித்திக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பச்சை வேண்டவே வேண்டாம், பச்சை என்றால் பாட்டில் கண்ணாடி என்பார்கள் என்று இருவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கண் முன்னால் வெள்ளையாக ஒரு கல் இருக்கிறது. எமரால்டு என்பது வெட்டின விதத்துக்கு வைத்த பேர், நிறத்துக்கு இல்லை என்று நான் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் பச்சையாக மாறினால் என்ன செய்வது என்று கேட்டாள் சித்தி. அந்தப் பெண், மாறாது ஆன்ட்டி என்று ஒரே வார்த்தை சொன்னாள். சரி என்று இருவரும் அடங்கினார்கள்.

எனக்கு அங்கேயே எழுந்து கீழே போய் நிற்கலாம் போல இருந்தது. போகவில்லை.

நாலாவதாக வந்த கல்தான் அழகு என்று நான் நினைத்தேன். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் அகன்று இருந்தது. பேர் என்னமோ பிரெஞ்சுப் பேர். சித்தி பார்த்ததும், “எக்கா, நம்ம போட்டு” என்றாள். படகேதான். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் சொன்னது: மாப்பிள்ளை வீட்டார் போன வருஷம்தான் படகை விற்றுவிட்டு, கொட்டிவாக்கத்தில் வீட்டுக்கு மேல் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இப்போது அம்மா மூக்கில் படகை மாட்டிக்கொண்டு போய் நின்றால் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். “நான் அங்க வாழணும்ண்ணா” என்றாள். தட்டிலிருந்து படகும் போனது.

மிஞ்சியது ஒன்று. “இது பேர் ஷேப் ஆன்ட்டி.”

“யார் பேரும்மா?” என்றாள் அம்மா.

பேரிக்காய் என்று அந்தப் பெண் விளக்கியதும் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூக்கில் பேரிக்காயை மாட்டிக்கொண்டு திரிவதா என்றாள். அப்புறம் தங்கைதான் கல்லைத் திருப்பி வைத்து, பேரிக்காய் இல்லம்மா, தண்ணிச் சொட்டு என்றாள். சொட்டு என்றதும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கூர் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று அதற்கு ஒரு சண்டை. சொட்டு என்றால் கூர் மேலே, குண்டு கீழே. சித்திக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. நான் போனில் கல்லைப் படம் எடுத்து, சொட்டுகிற தண்ணீர்க் குழாயின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று நான் சொன்னது எடுபட்டது.

அடுத்தது கட்டடம், அதாவது கல்லைத் தங்கத்தில் பதிக்கிற விதம். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு வைப்பதா, நான்கு மெல்லிய பிடியில் நிறுத்திக் கல்லை மட்டும் தெரிய விடுவதா. விளிம்பு வைத்தால் கல் சின்னதாகத் தெரியும், பிடி வைத்தால் முழுக் கல்லும் தெரியும், வெளிச்சம் பக்கவாட்டிலும் போகும் என்றாள் அந்தப் பெண். நானும் அதையேதான் படித்திருந்தேன். தெரியத்தானே வாங்குகிறோம் என்று அம்மாவும் சொன்னாள். தங்கம் கண்ணுக்கே தெரியாமல், மூக்கில் வெறும் சொட்டு மட்டும் தொங்குகிற மாதிரி ஒரு மூக்குத்தி அமைந்தது. அம்மா பழசைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது. புதுசை மாட்டியதும் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். சர்ட்டிபிகேட்டை என் கையில் கொடுத்து, இதில் வைரம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எழுதியிருக்கிறது என்றேன். “அப்ப அதையும் மூக்குல ஒட்டிக்கோக்கா, வெவகாரமே இல்ல” என்றாள் சித்தி.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். அது கூடாது என்றார்கள். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். நாலு நாள் போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒத்துக்கொண்டால் கை நிறைய வியாபாரம், ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டில் சண்டை, காய்ச்சல். வைரம் என்பது கரி என்று நான் சொன்னேன். கரிக்கு ஆள் தெரியாது என்றேன். நான் சொல்வதை அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை வைரத்தைப் போட்டுக்கொண்டு மீன் விற்கப் போனாள்.

அன்றைக்கு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சித்திதான் சொன்னாள். வியாபாரம் பிரமாதமாக இருந்ததாம். வஞ்சிரம் வந்த வேகத்தில் போயிருக்கிறது. அம்மா சங்கராவைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சங்கரா சுரண்டினால் செதில் நாலா பக்கமும் தெறிக்கும். முகம், கை, தலைமுடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு பளபளக்கும். முகத்தைப் புறங்கையால் துடைக்கத் துடைக்க மூக்குத்தியும் திரும்பிச் சொட்டுப் படுத்துவிட்டிருக்கிறது. எதிர்ப் பலகைக்காரி, நோட்டுக்குச் சில்லறை கேட்டு வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து, “இருமே, மூக்குல செதிலு” என்று சொல்லி, நகத்தால் வைரத்தைச் சுண்டிவிட்டாள்.

சுண்டியது போகவில்லை. இன்னொரு தரம் சுண்டினாள்.

“ஏ, அது வைரம்” என்று சித்தி கத்தியிருக்கிறாள்.

“வைரமா? நா சங்கராச் செதிலுன்னு நெனைச்சேன்மே.”

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கையெடுத்து மன்னிப்பும் கேட்டாள் என்கிறாள் சித்தி. ஆனால் பக்கத்துப் பலகைகளில் சிரிப்பு பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் மார்க்கெட் முழுக்க அதே பேச்சு. அக்கா செதில் என்ன விலை, கிலோ கணக்கா கூறு கணக்கா, எனக்கு ஒரு கூறு போடு. வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்களாம். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நிச்சயதார்த்தத்தில் சிரித்த அதே சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா மூக்கில் பழைய வெள்ளைக்கல் இருந்தது. வைரம் எங்கே என்று கேட்டேன். ஒத்துக்கல என்றாள். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை. சண்டையா? இல்லை. வியாபாரம் கெட்டுப்போனதா? அதுவும் இல்லை. “ஒத்துக்கலன்னா வுடேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சித்தி வந்து சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் பேசிய பேச்சு அத்தனையும் வீண். ரவுண்டுதான் நல்லது என்று முதலில் சொன்னவன் நான். இப்போது சொட்டுக்காக நானே வாதாடினேன். கல்யாண மண்டபத்தில் யார் சங்கரா சுரண்டப் போகிறார்கள், அங்கே மூக்கில் ஒட்டியிருப்பது செதில் என்று யாருக்குத் தோன்றும் என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். கொட்டிவாக்கத்திலிருந்து வருகிற அத்தனை பேரும் மீன் கண்டவர்கள்தான் என்றாள். சுற்றி ஒரு தங்க விளிம்பாவது வைத்துக்கொள்ளலாம் என்றேன். விளிம்பு வைத்த செதில் என்பார்கள் என்றாள். அவள் மனதில் அந்த வடிவத்துக்கு ஒரே பேர்தான் இனிமேல்.

மறுபடியும் உஸ்மான் ரோடு. இந்த முறை அம்மாவும் நானும் மட்டும். மேலாளரிடம் நான் பில்லின் பின்பக்கத்தில் இருந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிப் பேசினேன். வாங்கி எட்டு நாள்கூட ஆகவில்லை, கல்லில் குறையில்லை, பணத்தில் எதையும் பிடிக்காமல் மாற்றித் தர வேண்டும் என்றேன். அவர் அதே விதிகளை வேறு இடத்திலிருந்து படித்துக் காட்டினார். போட்டுக் கழற்றிய நகை, பிடி ஒன்று லேசாக வளைந்திருக்கிறது என்றார். வளைந்தது அந்த நகத்தால்தான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல முடியாது. அரை மணி நேரம் இப்படியே போனது. என் குரல் ஏறிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். அவரிடம், “கல்லு ஒத்துக்கல சார்” என்றாள்.

மேலாளர் பில்லைக் கீழே வைத்துவிட்டார். குரலும் இறங்கிவிட்டது. ஒத்துக்கலையாம்மா, அப்போ வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். தன் வீட்டில்கூட ஒரு தரம் இப்படி ஆனது என்று ஏதோ சொன்னார். என்ன ஆனது என்று அம்மாவை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உடனே கல்லை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். கூலியும் வரியும் திரும்பாது, அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். அரை மணி நேரம் நான் சட்டம் பேசி ஆகாதது இரண்டு வார்த்தையில் ஆனது. சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தது எதற்கு என்று இருந்தது.

என்ன ஷேப் எடுக்கலாம் என்று பழைய பெண்ணே வந்து கேட்டாள். அம்மா தட்டைக்கூடப் பார்க்கவில்லை.

“ரவுண்டே குடும்மா.”

அதே எடையில் ரவுண்டு விலை கூட. பட்டை தீட்டும்போது கல் அதிகம் வீணாகுமாம். அதையும் நான் ஏற்கனவே படித்திருந்தேன். சுற்றித் தங்க விளிம்பு வைத்த வட்டக் கல். அம்மா மாட்டிக்கொண்டு திரும்பினாள். அப்படியே பழைய மூக்குத்தி. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பொறி பறக்கிறது. இரண்டடி தள்ளி நின்றால் ராயப்பேட்டை வெள்ளைக்கல். நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

கல்யாணம் ராயப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து, சம்பந்திகள் சேர்ந்து போட்டோ எடுக்கும் நேரம். நான் மேடைக்குக் கீழே, பந்திக்கு ஆள் அனுப்பிக்கொண்டு நின்றிருந்தேன். மேலே அம்மாவும் சம்பந்தியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்பா புது வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் அம்மாவை முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். மேடை விளக்கு கல்லில் பட்டது. சம்பந்தியம்மா உற்றுப் பார்த்தார்.

“பாத்தீங்களா சம்பந்தி, கழுவிப் போட்டதும் எப்படிப் பளிச்சுன்னு கீது.”

ஆட்டோவில் அன்று அம்மா சொன்ன அதே வார்த்தை. சித்திக்கும் அது காதில் விழுந்துவிட்டது. அவள் படியேறி ஓடுவதற்குள் நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்றைக்கு வேண்டாம் சித்தி, தங்கை அங்கே வாழ வேண்டும் என்றேன். சர்ட்டிபிகேட் வீட்டில், பீரோவில் இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. போட்டோக்காரரைக் கையைக் காட்டிக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். சம்பந்தியம்மாவின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். மீன் விலை சொல்கிற குரல்தான், உரக்கவும் இல்லை, தணியவும் இல்லை. முன்வரிசை நாற்காலிகள் வரைக்கும் கேட்டது.

“கழுவல சம்பந்தி. வைரம். சொட்டு வாங்கி, ஒத்துக்காம, குடுத்துட்டு ரவுண்டு எடுத்தேன்.”

எவ்வளவு ஆச்சு என்று சம்பந்தியம்மா கேட்டார். கேட்காமல் இருக்க அவராலும் முடியவில்லை.

“அம்பத்திரெண்டாயிரத்து நானூறு” என்றாள் அம்மா. “ஆட்டோ தனி.”